வா, வா

ஏரியில் ஓடும் உல்லாசப் படகுக்கு விமானத்தின் டர்பைன் எஞ்சின் பொருத்தியிருந்தார்கள். அந்த இரைச்சலில் எதுவும் கேட்காது. ஆகவே படித்துறையில் நிற்பவரின் கைச்சைகையைப் பார்த்து அது தானாகவே ஓடும். ஓட்டுநர் சூசைமாணிக்கத்துக்கு நிறுத்துவதற்கு ஒரு விசைகூடக் கிடையாது.

படித்துறையில் அவன் மனைவி ரீத்தம்மாள் நின்றாள். நிறைமாதம்; வலி கண்டுவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்து, நாம் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி, "வா, வா" என்று விரல்களை அசைத்தாள்.

உள்ளங்கையை மேலே காட்டிக் கூப்பிடும் வெளிநாட்டில் செய்த அந்தப் படகுக்கு அது "போ, போ". சீறிக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் கிளம்பியது.

"உங்க வீட்டம்மா டாட்டா காட்டுறாங்க!" என்று அவன் காதில் கத்தினார் ஒரு பயணி.

"கூப்பிடாத புள்ள!" சூசை இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினான்.

வரமாட்டேன் என்கிறான், என்று நினைத்தாள் அவள். கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தனியாகப் படியேறினாள்.

இப்போது படித்துறையில் "போ" என்று அசையும் கை எதுவுமில்லை. படகு சமர்த்தாகக் கரைக்கு வந்து நின்றது.