சமத்து

"குறுக்க விழுந்து கெடுத்தவரே முதல் ஆளா வந்து உக்காந்திருக்காரு, பாத்தியா?"

அக்கா தம்பியின் காதைக் கடித்தாள்.

தம்பி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஹாலில் செருப்பு ஸ்டாண்டை ஒட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் மாமனார் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டி ரிடையர் ஆனவர். பெற்ற மகளே அவரிடம் முகம் கொடுத்துப் பேசி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் கதவைத் திறந்துவிட்டு, "வாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனவள்தான்.

காரணம் இல்லாமல் இல்லை.

பன்னிரண்டு வருஷம் குழந்தைக்காகக் காத்திருந்துவிட்டு, தம்பியும் அவன் மனைவியும் வெளிநாட்டு இல்லம் ஒன்றிலிருந்து தத்தெடுக்க எழுதிப்போட்டார்கள். ஆறு மாதப் பெண் குழந்தையின் போட்டோ வந்தது. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள். தொட்டில்கூட வாங்கியாகிவிட்டது. அப்போதுதான் ஃபைல் நின்றது. நெருங்கிய உறவில் ஒருவருக்குச் சம்மதமில்லை, மறுபடியும் விசாரிக்க வேண்டும் என்றார்கள். யார் அந்த ஒருவர் என்று கேட்டதற்கு, சொல்லக் கூடாதாம், விதியாம்.

சொல்லித்தான் தெரிய வேண்டுமா? விஷயத்தை முதலில் சொன்னபோது, "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டவர் மாமனார் ஒருவர்தான்.

"வேற யாரு இருக்கா? அவராத்தான் இருக்கும்" என்று அக்காவும் அன்றைக்கு எண்ணெய் வார்த்தாள்.

விசாரணை, மறு விசாரணை, புதுசாக ஒரு கட்டுக் காகிதம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. குழந்தை நேற்றுத்தான் வந்து சேர்ந்தாள். இப்போது ஒன்றே முக்கால் வயது.

படுக்கையறைக் கதவு திறந்தது. தம்பி மனைவியின் விரலைப் பிடித்துக்கொண்டு குழந்தை வெளியே வந்தாள். கண், மூக்கு, முடி எதிலும் இந்த வீட்டில் யார் ஜாடையும் இல்லை.

"அத்தைகிட்ட வாடா கண்ணு" என்று அக்கா பொம்மையை நீட்டினாள்.

குழந்தை விரலை விட்டுவிட்டு நாலு எட்டு வைத்தாள். ஐந்தாவது எட்டில் பாய் தடுக்கி, டீப்பாய் முனையில் நெற்றி இடித்தது. மாமனார் வரைக்கும் கேட்டது சத்தம். அவர் பாதி எழுந்து, மகள் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்.

குழந்தை அழவில்லை. யாரையும் தேடவும் இல்லை. நெற்றியைத் தானே ஒரு தடவை தேய்த்துக்கொண்டு, அக்கா கையிலிருந்து நழுவிக் கீழே கிடந்த பொம்மையை எடுத்தாள்.

"அட, அழவே இல்லையே" என்றாள் அக்கா. "என்ன சமத்து."

"சமத்து இல்ல அண்ணி" என்றாள் தம்பி மனைவி. குழந்தையை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். "அழுதா யாராவது வருவாங்கன்னு இவளுக்குத் தெரியாது. அங்க முப்பது குழந்தைக்கு ரெண்டு ஆயா. ஆறு மாசத்துல நல்லா வீறிட்டு அழுவாளாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டு, யாரும் வரலன்னு விட்டுட்டா. எல்லாம் இந்த ஒரு வருஷத்துலதான்."

அவள் தன் அப்பாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னப்பா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டீங்க."

அக்காவும் அவரைப் பார்த்தாள். 'நான் இல்லை' என்று இப்போதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். அவரோ தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

குழந்தையின் நெற்றி அதற்குள் புடைத்துச் சிவந்துவிட்டது. அவள் பொம்மையின் காலைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவ ஒண்ணும் சொல்லாதம்மா" என்றாள் அக்கா. "சொன்னது நான்."

தம்பி நிமிர்ந்தான்.

"விசாரிக்கிறவங்க நான் வேலை பாக்கற மருந்துக் கடைக்கே வந்து கேட்டாங்க. அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. ஜாடை வேற, நிறம் வேற, வெளிய கூட்டிட்டுப் போனா ஆளாளுக்குக் கேப்பாங்க, எங்களுக்குச் சரிப்படாதுன்னு சொன்னேன். என் பேரு வெளிய வரக் கூடாதுன்னும் கேட்டுக்கிட்டேன். ஃபைலையே நிறுத்துவாங்கன்னு நினைக்கலடா. அப்புறம் சொல்ல வாய் வரல. பழி இவர் மேல விழுந்ததும்…" அவள் சேலைத் தலைப்பைக் கசக்கினாள். "எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு."

தம்பி எழுந்து ஜன்னலோரம் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

"அப்ப நீங்க இல்லையாப்பா?" என்றாள் அவன் மனைவி.

"இல்லம்மா."

"அண்ணிதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். ரெண்டாவது தடவ விசாரிக்க வந்தவர் வாய் தவறிச் சொல்லிட்டார்."

"ஒரு வருஷமா உங்கள என்னென்ன பேசினேன். ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?"

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ என் பொண்ணு. நீரடிச்சு நீர் விலகுமா? என்னைக்கா இருந்தாலும் பேசிடுவ. நாத்தனார் உறவு அப்படி இல்லம்மா, ஒரு தடவ அத்துப்போனா ஒட்டாது."

அவர் குழந்தையைப் பார்த்தார்.

"யாருமே இல்லாம வர்ற பிள்ளை. அதுக்கு இருக்கிறது ஒரே ஒரு அத்தை. அதையும் நான் இல்லாமப் பண்ணலாமா?"