உடம்பே பாத்துக்கும்!

"ஊசியா? இவளுக்கா? ஒண்ணும் வேணாம் டாக்டர்."

டாக்டர் கேட்டது மனைவியை. பதில் சொன்னது கணவன்.

அவளுக்கு ஆறாம் மாசம். ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல். எதிர்வீட்டுக் கர்ப்பிணிப் பெண் மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து இவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

"கர்ப்பம்ங்கறது வியாதியா டாக்டர்? கர்ப்பப்பை வாயை உடம்பே அடைச்சு சீல் வச்சுடுது. நஞ்சுக்கொடி வேற காவலுக்கு நிக்குது. எல்லாத்தையும் உடம்பே பாத்துக்கும். படிச்சுப் பாருங்க!"

செல்போனை டாக்டர் மூக்குக்கு நேராக நீட்டினான். அக்கம்பக்கத்தில் அவனுக்கு 'இயற்கை' என்றே பேர். யாராவது தும்மினால் போதும், வீடு தேடி வந்து பாடம் எடுப்பான்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

"நீங்க சொன்னது வாஸ்தவம்தான். ஆனா அந்தக் காவலெல்லாம் குழந்தைக்கு. அம்மா நிலைமை வேற. உள்ளே வளர்ற உயிரை எதிரின்னு நினைச்சுத் தாக்கிடக் கூடாதேன்னு, அவங்க உடம்பு தன்னோட எதிர்ப்பு சக்தியைக் கொஞ்சம் மாத்திக்குது. வயிறு மேலே தள்றதால நுரையீரலுக்கும் இடம் போதாது. இப்ப ஃப்ளூ வந்தா கஷ்டம். ஊசி போட்டா அம்மாவுக்குக் கிடைக்கிற பாதுகாப்பு குழந்தைக்கும் போய்ச் சேரும்."

"இப்படிப் பயமுறுத்தியே பிழைப்பை ஓட்டறீங்க!"

மனைவி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"போட்டுக்கறேங்க... எதிர்வீட்டுப் பொண்ணு..."

"அவ கண்டதையும் தின்னு உடம்பைக் கெடுத்துக்கிட்டவ. அவளும் நீயும் ஒண்ணா? நான் ஊசி போட்டுக்கிட்டா சுத்தறேன்? எழுந்திரு, போகலாம்."

"முடிவு பண்ண வேண்டியது அவங்க," என்றார் டாக்டர்.

"அவளுக்கு என்ன தெரியும்?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண் தளும்பியது. வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

அப்போதுதான் நர்ஸ் உள்ளே வந்தாள். அவனைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, சார்! போன வாரம் உங்க ஆபீஸ் கேம்ப்ல ஃப்ளூ ஊசி போட்டேனே, கை வலி விட்டுடுச்சா?"

"நானா? அது... வேற யாராவது இருக்கும்மா."

"உங்களை மறப்பேனா சார்? 'என் மனைவி மாசமா இருக்கா, எனக்கு முதல்ல போடுங்க'ன்னு அத்தனை பேரையும் தள்ளிட்டு வந்து நின்னீங்களே!"

செல்போன் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் போனது.

மனைவி மறுபடி உட்கார்ந்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை. ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள்.

"போடுங்க சிஸ்டர். என் பேரைச் சொல்லி இன்னும் யாராவது முந்திக்கிறதுக்குள்ள சீக்கிரம் போட்டுடுங்க!"