அஞ்சாவது மொட்டைக் கடுதாசி

"இன்னிக்கும் வந்திருக்கு பாருங்க சார்!"

புகார்ப் பெட்டியில் கிடந்த தாளை மாரீஸ்வரி இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வார்டு. அதன் பாதுகாப்புக் கமிட்டிக்கு அவள்தான் கன்வீனர். போலீஸ், கடைக்காரர்கள், குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள், எஸ்டேட் வாட்ச்மேன்கள் எல்லாரும் சேர்ந்த கமிட்டி. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து குடித்துவிட்டு, போகிற வருகிற பெண்களைக் கேலி பேசிய கும்பலை ஆறே மாதத்தில் கிளப்பியாயிற்று. பள்ளிக்கூட வாசலில் கஞ்சாப் பொட்டலம் விற்றவன் உள்ளே இருக்கிறான்.

"இந்த வார்டுல எவன் எப்படின்னு எனக்குத் தெரியாதா?" என்பாள். பெரும்பாலும் தெரியும்தான்.

பீட் போலீஸ்காரர் ஜோமோன் ஒரு மாத சபரிமலை டூட்டி முடிந்து அன்றுதான் திரும்பியிருந்தார். மலையாளி; தமிழ் பேசுவார், படிக்க வராது.

"வாசிங்க சேச்சி."

"'முனீஸ்வரன் காலையிலேயே குடித்துவிட்டு ஜீப் ஓட்டுகிறான். உள்ளே பதினாலு பெண்கள். திங்கட்கிழமை ஆறரை மணிக்கு மாதாகோயில் வளைவில் நிறுத்திப் பாருங்கள்.' பேரும் இல்ல, ஊரும் இல்ல."

"இன்னிக்கும்னு சொன்னீங்களே, முன்னாடியும் வந்ததா?"

பையிலிருந்து மேலும் நாலு தாள்களை எடுத்துப் போட்டாள். "வாரத்துக்கு ஒண்ணு. எல்லாம் ஒரே கையெழுத்து. முனீஸ்வரன் அதிர்ந்து ஒரு பேச்சு பேசமாட்டான் சார். நம்ம ஊர்வலத்துக்கு மைக் கட்டி, காசு வாங்காம ஜீப் ஓட்டுனவன். ஏலக்காட்டுக்குப் போற பொம்பளைங்க அவன் வண்டியிலதான் ஏறுறாங்க. அது ஒருத்தனுக்குப் பொறுக்கல."

"யாருக்கு?"

"வேற யாரு, நல்லமுத்து! அவனும் ஜீப்தானே ஓட்டுறான். நான் கேக்குற விதத்துல கேக்குறேன்."

கேட்டாள். ஜீப் ஸ்டாண்டில் நாலு பேர் பார்க்கக் கேட்டாள்.

"தைரியம் இருந்தா பேரு போட்டு எழுதுடா! ஒருத்தன் சோத்துல மண்ணள்ளிப் போடுறியே!"

நல்லமுத்து கோபப்படவில்லை. டயரை உதைத்துக் காற்று இருக்கிறதா என்று பார்த்தபடியே சொன்னான்: "நான் எழுதலக்கா. எழுதியிருக்கணும். சவாரிக்காகச் சொல்றான்னு நீங்க சொல்வீங்கன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன். ஒருநாள் காலையில அவன் பக்கத்துல நின்னு மூச்ச விட்டுப் பாருங்க."

மாரீஸ்வரிக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது; அன்றே ஜோமோனுக்குப் போன் போட்டாள்.

திங்கட்கிழமை ஆறரை மணி. மாதாகோயில் வளைவில் ஜோமோனும் அவளும் நின்றார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

ஜீப் வந்தது. ஜோமோன் கையை உயர்த்துவதற்குள்ளேயே ஓரங்கட்டி நின்றது. ஊதச் சொன்னார். முனீஸ்வரன் மறுபேச்சில்லாமல் ஊதினான். மெஷின் கத்தியது.

உள்ளேயிருந்த பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். அவர்களில் மூக்கம்மாள் தலையை வெளியே நீட்டி, "வேலைக்குப் போற நேரத்துல மறிக்கிறீகளே, உங்க கமிட்டி நல்லா இருக்குமா? எவ எழுதிப் போட்டா?" என்று கத்தினாள்.

"பள்ளத்துல விழுந்தப்புறம் மறிக்கச் சொல்றியா?" என்றாள் மாரீஸ்வரி. "எறங்குங்க எல்லாரும். நல்லமுத்து வண்டி வருது, ரெண்டு நடையில கொண்டுபோய் விட்டுருவான். ஒருத்தருக்கும் வேலை கெடாது."

அப்படியே நடந்தது. ஜோமோன் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கு எழுத ஜீப்புக்கு அந்தப் பக்கம் போனார்.

மாரீஸ்வரி முனீஸ்வரன் முன்னால் போய் நின்றாள்.

"உனக்காக ஒருத்தன்கிட்ட மல்லுக்கு நின்னேன்டா. பதினாலு உசுரு! உனக்கு மனசாட்சியே இல்லையா?"

அவன் தலை நிமிரவில்லை. குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தான். இரண்டு கைலி, ஒரு துண்டு, சோப்பு, ஆதார் அட்டை.

"எங்கடா பையோட கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்குக்கா. குடியை நிறுத்துற வார்டுக்கு. அங்க படுத்துத்தான் பாக்கணுமாம். சார்கிட்ட சொல்லி இன்னிக்கே சேத்துவிடுங்க."

"அதெல்லாம் சேத்துவிடலாம், நானே கூட வர்றேன்." அவள் குரல் இறங்கியது. "ஆனா இன்னிக்குப் பிடிப்போம்னு உனக்கு எப்படிடா தெரியும்? அந்தக் கடுதாசி..."

"நாந்தான் எழுதுனேன்."

மாரீஸ்வரி பையிலிருந்த தாள்களை எடுத்து நீட்டினாள். அவன் தலையாட்டினான்.

"குடிக்கலைன்னா கை நடுங்குது, ஸ்டீரிங்கப் பிடிக்க முடியல. குடிச்சா ரோடு ரெண்டாத் தெரியுது. ஓனர்கிட்ட நானா ரெண்டு தடவை சாவியக் குடுத்தேன்க்கா. மறுநாள் நானே போய்க் கெஞ்சி வாங்கிட்டேன். போலீஸ் கைக்குப் போனாத்தான் திரும்பி வராதுன்னு உங்க பெட்டியில போட்டேன்."

"நேர்ல வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேடா!"

"வெக்கமா இருந்துச்சுக்கா. கமிட்டி பெருசு, ஒரு கடுதாசி போதும்னு நெனச்சேன்." அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "இந்த ஒரு மாசமா, ஒவ்வொரு வளைவுலயும் நீங்க வந்து நிக்க மாட்டீங்களான்னு பாத்துக்கிட்டேதான் ஓட்டுனேன்."