பரீட்சைக்கு ஒரு தலை

“ஏட்டி மாரித்தாய், முடி எங்கடி?”

“இருக்கன்குடியில.”

மாரித்தாய் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல அடுப்படிக்குள் போனாள். மழித்த தலையில் சந்தனத்தின் ஈரம் இன்னும் காயவில்லை. காலையில் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டபோது அதே தலையிலிருந்து இடுப்புக்குக் கீழே கூந்தல் தொங்கியது.

கேட்ட சண்முகத்தாய்க்கு அழுகை முட்டியது. பக்தியினால் அல்ல. திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை. நாத்தனாரின் அந்தக் கூந்தலை நம்பித்தான் இருந்தாள்.

விருதுநகரில் ஞானபூரணி டீச்சர், மெட்ராசில் படித்துவிட்டு வந்து, பெண்களுக்காக ஒரு சிகையலங்காரப் பள்ளி நடத்தி வந்தார். 1964-இல் இது அந்தப் பக்கத்துக்குப் பெரிய செய்தி. சண்முகத்தாய் சிவகாசியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்ப் படித்தாள். கடைசிப் பரீட்சைக்கு ஒவ்வொருத்தியும் ஒரு தலையைக் கொண்டுவர வேண்டும். அந்தத் தலைக்கு உரியவளோடு சேர்த்துத்தான்.

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று மதுரையில் ஒருகாலத்தில் சபை கூட்டி விவாதித்தார்களாம். சிவகாசியில் அந்த விவாதத்துக்கே இடமில்லை. வெடிமருந்து வாசனைதான். சண்முகத்தாயும் கல்யாணமான புதிதில் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தவள்தான். எப்போது வெடிக்குமோ என்றிருந்த அந்த மருந்து அறைக்குத் திரும்பக் கூடாதென்றுதான் இந்தப் படிப்பே.

கணவன் கருப்பணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். “பாஸானா முன்வீட்டுல கண்ணாடியும் நாற்காலியும் போட்டுத் தாரேன். இல்லேன்னா பேசாம கம்பெனிக்கே போயிரு.”

அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிற மாரித்தாய்க்கோ எல்லாமே கேலி. “தலை சீவுறதுக்கு ஒரு பள்ளிக்கூடம், அதுக்கு ஒரு பரீட்சை! அடுத்து என்ன மதினி, பல் விளக்கவா?”

ஆனாலும் தினமும் சாயங்காலம் பழகிப் பார்க்கத் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். வாய் மட்டும் சும்மா இருக்காது. “மெதுவா! என் தலையைச் சரவெடின்னு நினைச்சீகளா, இந்த இழு இழுக்கீக?”

அப்படிப்பட்டவள், பரீட்சைக்கு முந்தின வெள்ளிக்கிழமை பார்த்து மொட்டை போட்டிருக்கிறாள்.

“இன்னும் மூணு நாள் பொறுக்க முடியலையாக்கும்? அப்படி என்னடி நேர்த்தி?”

“வெளிய சொன்னா பலிக்காது மதினி.”

“மாப்பிள்ளை அமையணும்னு நேந்திருப்பா” என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய், சமாதானமாக.

“மாப்பிள்ளை வரணும்னு மொட்டை போட்டவளை நான் இப்பத்தான் பாக்கேன்! இது நேர்த்தி இல்லக்கா, வயித்தெரிச்சல். இவ மருந்து வாடையில சாகணும், நான் மட்டும் கண்ணாடி முன்னால நிக்கணுமான்னு நினைச்சிருக்கா.”

மாரித்தாய் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாதது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. குற்றவாளி என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

தெருவில் நீளக் கூந்தல்காரிகள் இல்லாமல் இல்லை. திங்கட்கிழமைச் சம்பளத்தை விட்டுவிட்டு விருதுநகருக்கு வரத்தான் ஆளில்லை. கடைசியில் வந்தது செல்லத்தாய்தான். டைபாய்டு காய்ச்சலில் முடியெல்லாம் கொட்டி, எலிவால் கணக்காக மிச்சமிருந்தது. “என் தலையை வச்சு நீ என்னத்தா பண்ணப் போறே?” என்று பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

பள்ளியில் மற்றவர்கள் கூட்டி வந்த கூந்தல்களைப் பார்த்ததும் சண்முகத்தாய்க்கு அப்படியே திரும்பிவிடலாமா என்றிருந்தது. சவுரி வைக்கலாம், ஆனால் வைத்தது தெரியக்கூடாது என்பது விதி. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே சவுரியைச் சுருட்டி வைத்தாள். செல்லத்தாயின் சொந்த முடியை இழை இழையாகப் பிரித்து அதன்மேல் போர்த்தினாள். அந்த வருஷத்து நாகரிகப்படி உயரமான கொண்டை ஒன்று எழும்பியது.

மதுரையிலிருந்து பரீட்சை பார்க்க வந்த அம்மாள், கொண்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். சவுரியைத் தேடினார். அகப்படவில்லை.

“மத்தவங்க எல்லாம் முடியைக் காட்டினாங்க. இந்தப் பொண்ணுதான் வேலையைக் காட்டியிருக்கு” என்று ஞானபூரணி டீச்சரிடம் சொல்லி, முதல் இடத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

செல்லத்தாய் கொண்டை கலையாமல் இருக்க பஸ்ஸில் கழுத்தைத் திருப்பாமலே வந்தாள். சண்முகத்தாய் வீட்டு வாசலிலேயே ஆரம்பித்தாள்.

“ஏட்டி! நீ மொட்டை போட்டும் நான் பாஸாயிட்டேன் பாத்தியா? அதுவும் ஃபர்ஸ்ட்டு!”

மாரித்தாய் கையிலிருந்த சோற்றுக் கரண்டியோடு இருக்கன்குடி இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

“அப்பாடா! இனிமே சொல்லலாம். நீங்க பாஸாகணும், அந்த மருந்து ரூமுக்கு மறுபடி போகக்கூடாதுன்னுதான் மதினி நேந்தேன்.”

சண்முகத்தாய் அந்த மொட்டைத் தலையையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “பாஸான பெறகு குடுத்தா ஆகாதாடி?”

“நம்ம கம்பெனியில அட்வான்ஸ் வாங்காம எந்த ஆர்டரை எடுக்காக? ஆத்தா மட்டும் எடுப்பாளா? அதான் முன்னாடியே குடுத்துட்டேன்.”

“அடிப் பாவி, பரீட்சைக்கே உன் தலைதானடி வேணும்!”

மாரித்தாய் மொட்டையைத் தடவிக்கொண்டாள்.

“அது, திரும்பி வரும்போது பஸ்ஸுலதான் மதினி ஞாபகம் வந்துச்சு.”