நூறு டாலர் பர்கர்

"எதிர்க்காத்து அடிச்சா நேரம் கூடும், கேப்டன். தூரம் எப்படிக் கூடும்?"

முகாமில் பயணப்படிக் கணக்குப் பார்க்கும் லொரெட்டா கேட்ட கேள்வி திறந்திருந்த கதவு வழியாக வராந்தா வரைக்கும் கேட்டது. பயணப்படி வாங்க அங்கே வரிசையில் நின்ற சிப்பாய்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

கேப்டன் கெண்டல் நெளிந்தார். அவரிடம் சொந்தமாக ஒரு குட்டி விமானம் உண்டு. பழசுதான், பறக்கும்போது தகர டப்பா மாதிரி சத்தம் போடும். வட கரோலினா முகாமிலிருந்து கென்டக்கியில் நடந்த பயிற்சிக்கு அதில்தான் போய் வந்தார். சொந்த விமானத்தில் போனால் மைலுக்கு இவ்வளவு என்று ராணுவம் படி கொடுக்கும். ஆனால் நேர் தூரத்துக்குத்தான். சுற்றிப் போனால் காரணம் சொல்ல வேண்டும்.

"இறங்க வேண்டிய ஓடுதளம் நேரா கீழே தெரியுது. நீங்க அதைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போயிருக்கீங்க. அங்கேயும் இறங்கல. அதுக்கும் அடுத்த ஊரு. கடைசியில பெட்ரோல் தீரப் போற நேரத்துல திரும்பி வந்து இறங்கியிருக்கீங்க. மேலேயே நிறுத்த இடம் தேடினீங்களா?"

வராந்தாவில் சிரிப்பு கிளம்பியது.

"மேகம், மேடம்..."

"அன்னிக்குக் கென்டக்கி வானத்துல ஒரு பஞ்சு கூடக் கிடையாது. விசாரிச்சுட்டேன்."

உண்மைக் காரணம் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று ஒருவருக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தாகிவிட்டது. கெண்டல் அதை விழுங்கிவிட்டு, வாயில் வந்ததைச் சொன்னார்.

"பர்கர், மேடம்."

"என்னது?"

"அந்தப் பக்கத்து ஓடுதளங்கள்ல பர்கர் நல்லா இருக்கும்னாங்க. எந்தக் கடை திறந்திருக்குன்னு மேலேயிருந்து பார்த்தேன்."

சொந்த விமானம் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பைத்தியம் உண்டு. பர்கர் தின்பதற்கென்றே பக்கத்து ஊருக்குப் பறப்பார்கள். பர்கரோடு பெட்ரோலையும் கூட்டினால் நூறு டாலர் ஆகும். அதனால் அதற்கு நூறு டாலர் பர்கர் என்றே பெயர்.

"ராணுவத்துக் காசுல பர்கர் தேடினீங்களா? முதல்ல காத்து, அப்புறம் மேகம், இப்போ பர்கர். பொய்க் காரணம்னு இதைச் சட்டப் பிரிவுக்கு அனுப்பினா என்ன ஆகும் தெரியுமில்ல? அடுத்த மாசம் உங்களுக்கு மேஜர் பதவி வரணும்."

கெண்டல் எட்டு வருஷமாகக் காத்திருக்கும் பதவி. வீட்டில் மனைவி புதுச் சீருடைக்கு அளவு கூட எடுத்து வைத்துவிட்டாள்.

"அனுப்புங்க, மேடம்," என்றார்.

"அதுக்கு முன்னாடி உங்க கூட வந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டுடறேன். டுவெய்ன்! கொஞ்சம் உள்ளே வா."

சார்ஜென்ட் டுவெய்ன் உள்ளே வந்தார். லொரெட்டாவின் புருஷன். பாராசூட்டில் குதிக்கக் கற்றுத் தரும் வாத்தியார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவர் கையால் விமானத்திலிருந்து தள்ளிவிடப்பட்டவர்கள். அவர் பெயரைச் சொன்னாலே முதுகை நிமிர்த்துவார்கள்.

"டுவெய்ன், கேப்டன் ஏன் சுத்தினாரு?"

டுவெய்ன் மனைவியைப் பார்த்தார். வராந்தாவைப் பார்த்தார். கேப்டனை மட்டும் பார்க்கவில்லை.

"பர்கருக்குத்தான். வேண்டாம் சார்னு நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"

"அப்புறம் நீ மட்டும் ஏன் பஸ்ஸுல திரும்பி வந்தே?"

"மலை, மரமெல்லாம் பார்த்துக்கிட்டு வரலாம்னு."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே போனார். "வாத்தியாரே, பர்கர்ல உங்களுக்குப் பங்கு கிடைச்சுதா?" என்று யாரோ கேட்க, வராந்தாவே அதிர்ந்தது.

கெண்டலுக்கு வயிறெரிந்தது. சத்தியம் பண்ணச் சொன்னது சரி. அதற்காக இப்படியா ஒரு மனுஷன் காலை வாருவான்?

லொரெட்டா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டே படித்தாள்.

"காரணம்: உடன் வந்தவருக்கு உடல்நலக் குறைவு. இது விதிப்படி செல்லும். முழுப் படியும் வரும். கையெழுத்துப் போடுங்க."

"மேடம், அவருக்கு ஒண்ணும்..."

"கேப்டன், இந்த மனுஷன் இருபது வருஷமா விமானத்துல ஏறியிருக்கான். ஏறினதுல பாதிக்கு மேல நடு வானத்துலயே குதிச்சுட்டான். மிச்சமெல்லாம் ஜன்னலே இல்லாத ராணுவ விமானம். முன் சீட்டுல உக்காந்து, இறங்கும்போது தரை எகிறிக்கிட்டு வர்றதை இப்பத்தான் முதல் தடவையாப் பார்த்திருக்கான். பஸ்ஸுல வந்த நாள்லேருந்து தூக்கத்துல என் கழுத்தைக் கட்டிக்கிட்டு ஒரே கத்தல். 'இறக்காதீங்க சார்! கும்பிடறேன் சார்! கதவைத் திறங்க, நான் குதிச்சிடறேன்!'"

கெண்டல் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை இந்தப் பாடு படுத்தினீங்களா?"

"வெளியே நிக்கிறதெல்லாம் அவன் பசங்க. ரெண்டு நாளா 'வாத்தியாரு ஏன் பஸ்ஸுல வந்தாரு'ன்னு கிசுகிசுக்கிறாங்க. வேற காரணம் ஒண்ணு அவங்க காதுல விழணுமில்ல? நீங்க பதவியே போனாலும் வாயைத் திறக்கல. நீங்க நல்லா இருக்கணும், கேப்டன்." லொரெட்டாவின் கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியும்னு மட்டும் அவனுக்குத் தெரியக் கூடாது."

அவர் கையெழுத்துப் போட்டதும், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவை அகலத் திறந்தாள். வராந்தாக் கோடி வரை கேட்கும்படி கத்தினாள்.

"இன்னொரு தடவை பர்கருக்காக என் புருஷனை வானத்துல சுத்த விட்டீங்க, தொலைச்சுடுவேன் கேப்டன்!"