பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும்

“கையெழுத்துப் போடு ஜெனெல். அந்த ஆளை வேலையை விட்டே தூக்கிடுவாங்க.”

மார்லிஸ் தாளை நீட்டினாள். அமெரிக்காவில், கார் நம்பர் பிளேட் கொடுக்கும் அந்த கவுண்டி அரசாங்க ஆபீஸில் அவள்தான் சீனியர்.

போன வாரம் உள்ளூர்ப் போலீஸான ஷெரிஃப் ஆபீஸிலிருந்து வந்து, துப்பாக்கியோடு எவனாவது புகுந்தால் எப்படி ஓடுவது, எங்கே ஒளிவது என்று பாடம் நடத்தினார்கள். ஒரு நாள் சொல்லாமல் ஒத்திகை வைப்பார்களாம். கூடவே ஒரு தாள். ‘யாராவது ஒரு மாதிரி நடந்துகொண்டால் எழுதிக் கொடுங்கள்.’

மார்லிஸ் எழுதியிருந்தது, தபால் பிரிக்கிற வெர்லினைப் பற்றி.

ஜெனெல் கைக்குழந்தைக்காரி. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் கீழ்த்தள அறைக்குப் போய், குழந்தைக்குத் தாய்ப்பாலை மெஷினில் எடுத்து வைப்பாள். அப்போதெல்லாம் வெர்லின் அந்தக் கதவுக்கு வெளியே வந்து நிற்பார். பேச மாட்டார். மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“யாரும் உள்ள வந்துடக் கூடாதுன்னு நிக்கறாரோ என்னவோ...”

“உள்ள தாழ்ப்பா இருக்கேடி! அப்புறம் என்ன காவல்?”

அதுவும் சரிதான். ஆனாலும் ஜெனெலுக்குக் கை வரவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள்.

“மணி பத்தாச்சு. பால் எடுத்துட்டு வந்து போடறேன்.”

மெஷினை ஓடவிட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கதவு இடிபட்டது.

“ஜெனெல்! வெளிய வாம்மா! ஒத்திகை ஆரம்பிச்சாச்சு, மைக்குல கத்தறாங்க!”

வெர்லின் குரல். பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தாள்.

“எனக்கு ஒண்ணுமே கேக்கலையே!”

“கேக்காது. இது பழைய சாமான் ரூம். உள்ள ஸ்பீக்கரே கிடையாது. படிக்கட்டுகிட்ட நின்னாதான் காதுல விழும். மூணு தடவை எழுதிக் குடுத்தேன். தபால் பிரிக்கறவன் எழுதினா யாரு படிக்கறா?”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா நீ பயந்துபோய் கக்கூஸ்ல உக்காந்து பால் எடுப்ப. புள்ள குடிக்கறதாச்சே. ஓடு, ஓடு!”

பின்வாசல் வழியாகப் பார்க்கிங்குக்கு ஓடினார்கள். அங்கே பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, மார்லிஸ் ஷெரிஃப் ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எங்க ஆளுங்க எல்லாரும் அப்பவே வந்தாச்சு சார். ஒருத்தர் விடாம நானே பாத்துட்டேன்.”

ஜெனெல் பட்டியலை எட்டிப் பார்த்தாள். அவள் பெயருக்கு நேரே டிக் இருந்தது.

சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்தாள். பின்பக்கம் திருப்பி எழுதினாள். ‘கீழ்த்தள அறைக்கு ஸ்பீக்கர் வேண்டும்.’ கையெழுத்துப் போட்டாள். மார்லிஸிடம் நீட்டினாள்.

“இப்ப நீங்க போடுங்க.”