பூட்டிய யன்னல்கள்

மேல் வீட்டு உம்மு குல்சும் ராத்தாவின் முகத்தில் காறித் துப்பத்தான் நான் படியேறினேன்.

என் தம்பியைப் பிடித்துக்கொண்டுபோய் ஐந்து மணித்தியாலம் ஆகிவிட்டது.

வந்த ஆமிக்காரர்கள் வீட்டைத் தேடவேயில்லை. கட்டிலுக்குக் கீழே குனியவில்லை, அலுமாரியைத் திறக்கவில்லை. நேரே குசினிக்குள் போய், அரிசி மூட்டையை இழுத்துத் தள்ளிவிட்டு, அதன் பின்னால் இருந்த சாமான் அறைக் கதவைத் திறந்தார்கள். அவன் பீடியும் கையுமாகக் குந்தியிருந்தான்.

எங்கள் ஊரான கட்டைபறிச்சானில் இளந்தாரிகளைப் பிடிக்கிறார்கள் என்று குடாக்கடலைக் கடந்து என்னிடம் ஓடி வந்தவன். பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளும், கச்சான் காற்று ஆளைப் பொசுக்குகிற ஆவணி மாதத்தில், இந்த வீட்டில் ஒரு யன்னல் திறக்கவில்லை. எதிரே ஆமிக் காவலரண். திறந்தால் குசினி வரைக்கும் தெரியும்.

அவன் இருந்தது எனக்கும் என் புருசன் இவருக்கும் மட்டும்தான் தெரியும். மூன்றாவது ஆள் ஒன்று உண்டென்றால் அது மேல் வீட்டு மூக்குத்தான்.

அதை எனக்கு விளங்கப்படுத்தியவரும் இவர்தான். துறைமுகத்தில் கட்டடம் திருத்துகிற வேலை பார்க்கிற மனிசன், தெரியாமல் இருக்குமா? இந்தத் தொடர்மாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக நாலு குசினி. நாலுக்கும் சேர்த்து ஒரே புகைக்கூடு, சுவரில் ஆளுக்கொரு ஓட்டை. முன் யன்னலால் காற்று வந்தால்தான் புகை மேலே ஏறிக் கூரைக்கு வெளியே போகும். யன்னலைப் பூட்டினால் கூடு இழுக்காது. கீழ் வீட்டு மணமெல்லாம் போக வழியில்லாமல் மேல் வீட்டு ஓட்டைக்குள் நுழைந்துவிடும். படம் கீறிய எஞ்சினியர் எல்லாவற்றையும் யோசித்தாராம், சனம் பயத்தில் யன்னலைப் பூட்டிக்கொண்டு இருக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லையாம்.

"தம்பியின்ர பீடி மணம் நேர மேலதான் போகும். அந்த மனிசியில ஒரு கண் வைச்சிரு," என்று சாப்பிட உட்காரும் போதெல்லாம் சொன்னார். இவர் பீடியைக் கையாலும் தொடாதவர் என்பது தொடர்மாடி முழுக்கத் தெரியும்.

இரண்டாம் நாள் ராத்தா என்னைப் படியில் மறித்து, வீட்டுக்கு ஆரும் வந்திருக்கினமா என்று கேட்டிருந்தார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவேயில்லை.

கதவைத் திறந்த ராத்தாவுக்குக் கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. நல்லாய் நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். காட்டிக்கொடுத்தவள் என்றேன். அவருடைய பிள்ளைகளையும் சேர்த்துச் சபித்தேன்.

ராத்தா என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

உள்ளே நிற்க முடியவில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்கள், எல்லார் வீட்டிலும் விறகடுப்புத்தான். புகை வெளியேற வழியில்லாமல் சுழன்றது. சுவரெல்லாம் கரி. புகைக்கூட்டு ஓட்டைக்குள் பழைய சாரத் துணி ஒன்றைத் திணித்து, மேலே கோதுமை மாவைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். மாக் காய்ந்து, வெடித்து, கறுத்துப் போயிருந்தது.

"ரெண்டாம் நாளே அடைச்சிட்டன் புள்ள. எங்கட ஊட்டுக்கு வாற போற ஆக்களுக்கும் அந்த மணம் படும்தானே? ஒங்களோட கதைச்சா வாய் தவறி எதாச்சும் வந்திருமெண்டுதான் கதைக்காம இருந்தன்."

பத்து நாளாக அந்தப் புகைக்குள் நின்று சமைத்திருக்கிறார், என் தம்பிக்காக. துப்ப வந்த நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு இறங்கி வந்தேன்.

அப்படியென்றால் ஆர்?

மற்ற வீட்டுக் கதவுகளெல்லாம் காலையில் ஆமி வந்தபோது சாத்தியபடியே கிடந்தன, ஒருத்தரும் இன்னும் வெளியே வரவில்லை. எங்கள் வாசலில் இவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேலையால் அப்போதுதான் வந்திருக்கிறார். போன கிழமை துறைமுகக் கேற்றில் ஆமி பறித்து வைத்துக்கொண்ட பாஸ் இப்போது திரும்பவும் அவருடைய சட்டைப் பையில் குத்தியிருந்தது. நேற்று வரைக்கும் அது இல்லாமல் ஒவ்வொரு நாளும் கேற்றடியில் நின்று கெஞ்சித்தான் உள்ளே போய்வந்தார்.

செய்தியை எந்த வாயால் சொல்வேன் என்று யோசித்தபடி பின்னால் போனேன். வந்ததும் வராததுமாக இவர் குசினிக்குப் போய், சாமான் அறைக் கதவில் இரண்டு தட்டுத் தட்டி, "மச்சான்" என்று மெதுவாகக் கூப்பிடுவார். இத்தனை நாளும் அதுதான் முதல் வேலை.

இன்றைக்கு அந்தப் பக்கம் போகவில்லை. முன் அறைக்குப் போய், காவலரண் பக்கத்து யன்னல்களை ஒவ்வொன்றாக அகலத் திறந்துவிட்டார்.

"இனியாவது கொஞ்சம் காத்து வரட்டும், ராசமலர்."

காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. குசினியில் புகைக்கூடு இழுக்கிற சத்தம் கேட்டது.

தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.